ஒரே /24-ஐ ஆறாகப் பிரிக்கும்போது ரவுட்டர் ஓவர்லேப் என்கிறது, உதவி தேவை

கேள்வி:
வணக்கம். எங்களுக்கு 192.168.10.0/24 (0 முதல் 255 வரை 256 முகவரி) ஒன்றுதான் ஒதுக்கியிருக்கிறார்கள். அதற்குள் கணினிகள் 100, வைஃபை 50, கேமரா 25, பிரிண்டர் 10, அப்புறம் கிளை ரவுட்டர்களுக்கு இரண்டு லிங்க், ஆக ஆறு சப்நெட் (தனித்தனி முகவரிப் பிரிவு) வேண்டும். சின்னதிலிருந்து ஆரம்பித்து பிரிண்டருக்கு 192.168.10.0/28 கொடுத்தேன், அது 15-இல் முடிகிறது. கேமராவுக்கு 16-இலிருந்து /27 என்று நினைத்து 192.168.10.17, மாஸ்க் 255.255.255.224 (/27-ஐ எழுதும் இன்னொரு முறை) போட்டால் முதல் சப்நெட்டோடு ஓவர்லேப் என்று சொல்லி ரவுட்டர் ஏற்க மறுக்கிறது. 0–15 ஒன்று, 16–47 இன்னொன்று. எங்கே மோதுகிறது?

பதில் 1:
16–47 என்று ஒரு /27 கிடையவே கிடையாது. /27 என்றால் 32 முகவரி, அது 0, 32, 64, 96 என்று 32-இன் மடங்கில்தான் தொடங்கும். 17-ஐ அந்த மாஸ்க்கோடு போட்டால் ரவுட்டர் கடைசி 5 பிட்டை விட்டுவிட்டு 192.168.10.0/27 என்றுதான் படிக்கும், அதாவது 0–31. அதற்குள்தான் உங்கள் பிரிண்டர் சப்நெட் இருக்கிறது. ரவுட்டர் சொல்வது சரிதான்.

பெரியதிலிருந்து தொடங்குங்கள், இந்தச் சிக்கலே வராது. கணினிகளுக்கு .0/25 (பயன்படுத்தக்கூடியது 1–126), வைஃபைக்கு .128/26 (129–190), கேமராவுக்கு .192/27 (193–222), பிரிண்டருக்கு .224/28 (225–238), லிங்குகளுக்கு .240/30, .244/30. 248 முதல் 255 வரை மிச்சம். கேட்வேக்கும் (சப்நெட்டிலிருந்து வெளியே போக வழிவிடும் ரவுட்டர் முனை) ஒரு முகவரி போகும் என்பதை மறக்காதீர்கள், கேமரா பக்கம் 30-இல் 26 போய்விடும், அங்கேதான் முதலில் இடம் நெருக்கும்.

பதில் 2:
கணக்கு சரி. ஆனால் வாய்ப்பிருந்தால் இவ்வளவு இறுக்கிப் பிரிக்காதீர்கள் என்பேன். ஆர்.எஃப்.சி 1918 என்ற இணையத் தர ஆவணம் தனியார் பயன்பாட்டுக்கென்று 10.0.0.0/8 முழுவதையும் விட்டிருக்கிறது. 10.20.0.0/16 மாதிரி ஒன்றை எடுத்து விலான் (சுவிட்சில் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) 30-க்கு 10.20.30.0/24 என்று வைத்தால், முகவரியைப் பார்த்ததுமே எந்த விலான் என்று தெரியும், நாளைக்குக் கேமரா இரண்டு மடங்கானாலும் மாஸ்க்கைத் தொட வேண்டாம். /24-க்குள்தான் இருந்தாக வேண்டுமென்றால் லிங்குகளுக்கு /31 (இரண்டே முகவரி) போடலாம், ஆர்.எஃப்.சி 3021 அதற்குத்தான், இரு முனை ரவுட்டரும் ஆதரிக்க வேண்டும்.

கேட்டவர்:
நன்றி. /24-ஐ மாற்ற எனக்கு அனுமதி இல்லை, அதனால் முதல் பதிலின்படி பிரித்துவிட்டேன், ரவுட்டர் ஏற்றுக்கொண்டது. கணினிகள் எல்லாம் வேலை செய்கின்றன. ஒரே ஒரு பிரிண்டர் மட்டும், 192.168.10.226, ரவுட்டரிலிருந்து பிங் போகிறது, கணினி சப்நெட்டிலிருந்து போகவில்லை. ஃபயர்வால் எதுவும் இடையில் இல்லை.

பதில் 1:
அந்தப் பிரிண்டருக்குக் கையால் ஐ.பி போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மாஸ்க் இன்னும் 255.255.255.0 ஆகத்தான் இருக்கும். உங்கள் கணினி (.20 என்று வைத்துக்கொள்வோம்) அனுப்புவது ரவுட்டர் வழியாகப் பிரிண்டருக்குப் போய்ச் சேர்கிறது. பதில் அனுப்பும்போது பிரிண்டர், .20 என் பக்கத்திலேயே இருக்கிறது என்று நினைத்து கேட்வேயிடம் கொடுக்காமல் நேராக ஏ.ஆர்.பி கேட்கிறது (இந்த ஐ.பி யாருடையது என்று தன் பிரிவுக்குள் கேட்பது), அந்தப் பிரிவில் .20 இல்லை, யார் பதில் சொல்வது? ரவுட்டரின் .225 அதே பிரிவில் இருப்பதால் அதோடு மட்டும் பேச முடிகிறது. மாஸ்க்கை 255.255.255.240, கேட்வேயை .225 என்று மாற்றுங்கள். கையால் ஐ.பி போட்ட கேமராக்களையும் இன்றே பார்த்துவிடுங்கள், அங்கே மாஸ்க் 255.255.255.224.

கேட்டவர்:
மாஸ்க்தான். மாற்றியதும் பிரிண்ட் வருகிறது. கேமராக்களில் மூன்று அதே மாதிரி இருந்தன, அவற்றையும் சரி செய்துவிட்டேன்.