‘ஐரிஷ் ஐஸ்’ அயர்லாந்தின் பாடலா?

இசைநேயன்:
‘வென் ஐரிஷ் ஐஸ் ஆர் ஸ்மைலிங்’ அயர்லாந்தின் பழைய நாட்டுப்புறக் காதல் பாடல் என்று மருதன் எழுதியிருப்பதைப் படித்து எரிச்சலடைந்தேன். அது 1912இல் ஓர் அமெரிக்க மேடை நாடகத்துக்காக எழுதப்பட்டது. மெட்டமைத்த எர்னஸ்ட் பால் கிளீவ்லாந்துக்காரர். ஜார்ஜ் கிராஃபுடன் சேர்ந்து வரிகளை எழுதி, தாமே மேடையில் பாடிய சான்சி ஓல்காட் பிறந்த ஊர் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ.

மருதன்:
ஓல்காட்டின் தாய் அயர்லாந்துப் பெண் என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? பஞ்சத்தால் கடல் கடந்தவர்களின் பிள்ளைகள் தாய்மண்ணை நினைத்துப் பாடினால், அந்தப் பாட்டு அந்நியமாகிவிடுமா?

இசைநேயன்:
தாயைப் பற்றி யார் கேட்டார்கள்? அவர் பஃபலோவில் பிறந்தாரா, இல்லையா? 1913இல் வந்த ‘பெக் ஓ மை ஹார்ட்’ என்ற, ஐரிஷ் பெண்ணைப் பற்றிய பாடலுக்கு இசையமைத்த ஃப்ரெட் ஃபிஷர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பிறந்தவர். குடியேறிகளின் ஏக்கத்துக்கு நல்ல விலை கிடைக்கும் என்று அறிந்த நியூயார்க் பதிப்பாளர்கள், இத்தகைய பாடல்களின் இசைத்தாள்களை அச்சிட்டு விற்றார்கள். அந்த வணிகத்தை நாட்டார் மரபு என்று எழுதுவது, உண்மையான மரபைக் காத்த கிராமத்துப் பாடகர்களுக்குச் செய்யும் அநீதி.

வானம்பாடி:
அயர்லாந்தின் அத்லோனில் பிறந்த புகழ்பெற்ற பாடகர் ஜான் மெக்கார்மக்கே இப்பாடலை இசைத்தட்டில் பாடியிருக்கிறாரே! பிறந்த ஊர்தான் அளவுகோல் என்றால், ஐரிஷ் பாடலாகவே கொண்டாடப்படும் ‘டேனி பாய்’ என்ன ஆகும்? 1913இல் வெளிவந்த அதன் வரிகள் ஆங்கிலேய வழக்கறிஞர் ஃப்ரெடரிக் வெதர்லியுடையவை. மெட்டோ அயர்லாந்தின் வடக்கிலுள்ள லிமவாடியில் ஜேன் ராஸ் சேகரித்து, 1855இல் ஜார்ஜ் பெட்ரியின் தொகுப்பில் அச்சானது.

இசைநேயன்:
மெக்கார்மக் இத்தாலிய ஓபராவும் பாடினார். அதனால் அது ஐரிஷ் இசையாகிவிடவில்லை. ‘டேனி பாய்’ காதல் பாடல்தானா என்பதே தீராத வழக்கு. பிரிந்து செல்லும் மகனை நோக்கிப் பெற்றோர் பாடுவதாகவே நான் கொள்கிறேன். பஃபலோவுக்கு இன்னும் பதில் வரவில்லை.

வானம்பாடி:
காதலி பாடுவதாகக் கேட்டு உருகுபவர்களுக்குக் காது இல்லையா?

மருதன்:
இவர் எப்போதும் இப்படித்தான். அயர்லாந்துக் கவிஞர் தாமஸ் மூரின் மெல்லிசைப் பாடல்கள் லண்டனில் அச்சானதால் அவை ஆங்கிலப் பாடல்கள் என்று சாதித்தவர் இவரே. அன்று அச்சகம், இன்று பிறந்த ஊர். ஓல்காட்டின் தாயைப் பற்றி மட்டும் வாய் திறக்கமாட்டார்.

இசைநேயன்:
மூர் டப்ளின்காரர் என்பதை நான் ஒருபோதும் மறுத்ததில்லை. அவர் யாருடைய வரவேற்பறைகளுக்காகப் பாடினார் என்றுதான் அன்று கேட்டேன். அந்தப் பதிவை முழுமையாகப் படித்துவிட்டு, பஃபலோவுக்கான பதிலோடு வாருங்கள்.

மருதன்:
படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். தாயைப் பற்றி நீங்கள் முதலில் சொல்லுங்கள்.