ப்ராக்ஸ்மாக்ஸ் பக்கம் திறக்குதில்ல, விஎம் ஒண்டையும் காணல்ல – அவசரம்

கல்லாறு_கடை:
நேற்றுப் பின்னேரம் கரண்ட் போய் வந்த பிறகு சேர்வர்ட ப்ராக்ஸ்மாக்ஸ் (ஒரே மெசினுக்குள்ள பல விஎம், அதாவது மெய்நிகர் கணினி, ஓட்டுற மென்பொருள்) பக்கம் திறக்குதில்ல. பில் போடுற விஎம்மும் எழும்பல்ல. அதுவரைக்கும் நல்லா ஓடினது. காலையில கடை திறக்கணும், யாராவது சொல்லுங்க.

ஏறாவூர்_வயர்:
எச்டிடிபிஎஸ் போட்டு, கடைசியில :8006 எண்ட போர்ட் எண்ணும் போட்டீங்களா? அந்த ‘எஸ்’ விடுபட்டாலே சில நேரம் திறக்காது. கரண்ட் வரக்குள்ள ரவுட்டரும் திரும்ப எழும்பி இருக்கும், ஐபி மாறிட்டு எண்டுதான் நினைக்கிறன்.

பழைய_டேர்மினல்:
ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவக்குள்ளயே ஐபியை நிலையா எழுதி வைக்கும். ரவுட்டர் குடுக்கிறது இல்ல. அடிப்படை தெரியாம பதில் போடாதீங்க. கேட்டவரும் லொக் (சேர்வர் எழுதி வைக்கிற பதிவு) ஒரு வரி இல்லாம ‘அவசரம்’ எண்டு போட்டா நாங்க சாத்திரமா பார்க்கிறது? முதல்ல வாசிச்சுப் பழகுங்க தம்பி.

தாளங்குடா_நெட்:
என்ன பதிப்பு? பிங் (சேர்வர் பதில் தருதா எண்டு பார்க்கிறது) போகுதா? எஸ்எஸ்எச் (வேற கணினியில இருந்து கட்டளை போடுற வழி) வருதா? மொனிட்டர் போட்டா லொகின் திரை வருதா? விஎம் பட்டியல் கட்டளைக்கு என்ன சொல்லுது?

வாவிக்கரை:
டிஸ்க் போயிருக்கும். திரும்ப இன்ஸ்டால் பண்ணுறதுதான் கெதியான வழி.

தாளங்குடா_நெட்:
தயவு செய்து அதைச் செய்யாதீங்க! இன்ஸ்டாலர் தெரிவு செய்த டிஸ்க்கை முழுசா அழிச்சிட்டுத்தான் தொடங்கும். விஎம்மும் அதே டிஸ்க்கில இருந்தா பில் கணக்கு எல்லாம் போயிரும்.

கல்லாறு_கடை:
8.2. பிங் போகுது, எஸ்எஸ்எச் வருது. பட்டியல் கேட்டா ‘ஐபிசிசி… கனெக்‌ஷன் ரெஃபியூஸ்ட்’ எண்டு வருது. அமைப்புகள் இருக்கிற ஈடிசிக்குள்ள பிவிஇ கோப்புறை (/etc/pve) வெறுமையாக் கிடக்கு. எல்லாம் அழிஞ்சிட்டா?

தாளங்குடா_நெட்:
அழியல்ல, பயப்படாதீங்க. அந்தக் கோப்புறை டிஸ்க்கில இருக்கிற சாதாரணக் கோப்புறை இல்ல. பிவிஇ-கிளஸ்டர் எண்ட சேவை ஓடினாத்தான் அதுக்குள்ள ஏதும் தெரியும். உள்ளடக்கம் எல்லாம் வார் > லிப் > பிவிஇ-கிளஸ்டர் உள்ள கொன்ஃபிக் டிபி கோப்பில இருக்கு. சேவை விழுந்தா பக்கம் எச்டிடிபிஎஸ்ஸில திறக்க வேண்டிய எஸ்எஸ்எல் சாவியும் கிடையாது, விஎம் அமைப்புகளும் கிடையாது. அதனாலதான் ரெண்டும் ஒண்டா நிண்டிருக்கு. அடிக்கடி வாற காரணம்: சேர்வர்ட பேருக்குரிய ஐபியை அதால கண்டுபிடிக்க ஏலாம இருக்கும். கிட்டடியில பேர் மாத்தினீங்களா?

கல்லாறு_கடை:
ஓம், மூன்று கிழமைக்கு முதல் ‘பிவிஇ’ எண்டிருந்ததைக் கடைப் பேருக்கு மாத்தினன். சேர்வர்ட பேர் இருக்கிற ஹோஸ்ட்நேம் கோப்பில மட்டும். பிறகும் ஓடினதால சொல்லல்ல.

தாளங்குடா_நெட்:
அதுதான். ரீஸ்டார்ட் ஆகும் வரைக்கும் பழைய பேரோட ஓடும், கரண்ட் போனதும்தான் பிடிபடும். முதல்ல கொன்ஃபிக் டிபியை ஒரு பென் டிரைவில நகல் எடுங்க. பிறகு ஹோஸ்ட்நேம் கோப்பில பழைய பேரையே எழுதுங்க. எந்தப் பேருக்கு எந்த ஐபி எண்டு இருக்கிற ஹோஸ்ட்ஸ் கோப்பைத் திறந்து பாருங்க: சேர்வர்ட ஐபி, முழுப் பேர், குறும்பேர் மூண்டும் ஒரே வரியில இருக்கணும். பழைய பேர் அப்படியே கிடந்தா கை வைக்க வேணாம். 127 இல தொடங்குற ஐபிக்கு (மெசின் தன்னையே காட்டுறது) அந்தப் பேர் போயிருந்தா மட்டும் திருத்துங்க. மறுகா ரீஸ்டார்ட்.
புதுப் பேர்தான் வேணும் எண்டு ஹோஸ்ட்ஸை மட்டும் திருத்தினா பக்கம் வரும், ஆனா விஎம் இல்லாத வெறும் நோட் (பட்டியலில சேர்வருக்குரிய இடம்) ஒண்டு தெரியும். விஎம்மிட கொன்ஃப் (அமைப்பு) கோப்புகள் நோட்ஸ் கோப்புறைக்குள்ள பழைய பேருக்குக் கீழதான் நிக்கும், கையால நகர்த்தணும். இண்டைக்கு அந்த வேலை வேணாம்.

பழைய_டேர்மினல்:
பேரை விடுங்க. பயோஸில கரண்ட் வந்தா தானா எழும்பிற அமைப்பை நிறுத்துங்க. வந்த கரண்ட் அஞ்சு நிமிஷத்தில திரும்பப் போகும், டிஸ்க்குக்கு ரெண்டு அடி.

ஏறாவூர்_வயர்:
அப்ப காலையில பொத்தான் அமத்த யார் நிக்கிற? அது எழும்பத்தான் வேணும். யூபிஎஸ்ட யூஎஸ்பி வயரைச் சேர்வருக்குக் குத்தி நெட்வேர்க் யூபிஎஸ் டூல்ஸ் எண்ட மென்பொருள் போட்டா, பேட்டரி இறங்க முதல் ஒழுங்கா நிறுத்தும். கனபேர் யூபிஎஸ் வாங்கிட்டு அந்த வயரைப் பெட்டிக்குள்ளயே விட்டிடுறாங்க.

பழைய_டேர்மினல்:
பேட்டரி பழுதானா அந்த வயரால என்ன பிரயோசனம்? ஆள் வந்து, கரண்ட் நிலைச்சிட்டா எண்டு பார்த்துப் போடுறதுதான் பாதுகாப்பு.

ஏறாவூர்_வயர்:
பேட்டரியை மாத்துங்க. சேர்வரைப் பூட்டி வைக்கிறது மருந்தில்ல.

கல்லாறு_கடை:
வந்திட்டு. ஒரு விஎம் தானா எழும்பல்ல, ‘ஸ்டார்ட் அட் பூட்’ போடாம இருந்திருக்கு, போட்டிட்டன். பில் அடிக்குது. நன்றி தாளங்குடா அண்ணே.

தாளங்குடா_நெட்:
சந்தோஷம். விஎம்முக்கு பேக்கப் வேலை போட்டிருக்கீங்களா? அதே டிஸ்க்கிலயா, வேற இடத்திலயா?