ஷூமனின் ‘டிக்டர்லீபே’: பாடகர் நிறுத்திய பிறகு

பதிவு 1

கவிஞர் ஹைனேயின் ஜெர்மன் கவிதைகளுக்கு இசையமைப்பாளர் ஷூமன், குரலுக்கும் பியானோவுக்குமாக எழுதிய பதினாறு பாட்டுகளின் தொடர்தான் ‘டிக்டர்லீபே’ (‘கவிஞனின் காதல்’). ஜெர்மனியின் கொலோனில் ஒரு சிறிய அரங்கில்தான் இதை முதன்முறை நேரில் கேட்டேன். கடைசியான பதினாறாம் பாட்டில் வருபவை இவை: ஹைடல்பெர்க் கோட்டையின் மாபெரும் மதுப் பீப்பாயைவிடப் பெரிய சவப்பெட்டி, அதைச் சுமக்கப் பன்னிரண்டு அரக்கர்கள், கடலில் அமிழ்த்தப்படும் காதலும் வேதனையும். பாடகர் கடைசிச் சொல்லை முடித்ததும் எல்லாம் முடிந்துவிட்டதென்று எண்ணி, காலடியில் இருந்த மேலங்கியை எடுக்கக் குனிந்தேன். பக்கத்து இருக்கை மூதாட்டி என்னைப் பாராமலே என் மணிக்கட்டின்மேல் கையை வைத்தார். பியானோ ஓயவில்லை. பன்னிரண்டாம் பாட்டில், ‘எங்கள் சகோதரியிடம் கோபம் கொள்ளாதே’ என்று பூக்கள், காதலில் தோற்ற அந்த வெளிறிய மனிதனிடம் அவன் காதலிக்காகக் கெஞ்சிய பிறகு எழும் அதே இசை, இப்போது சொல்லே இல்லாமல் திரும்பி வந்தது. கடைசி ஒலி அடங்கும்வரை அவர் கையை எடுக்கவில்லை. நன்றி சொல்லாமல் வந்துவிட்டேன். அது இன்றும் உறுத்துகிறது. ஹைனே தராத மன்னிப்பை ஷூமன் தந்துவிட்டார் என்றே நினைக்கிறேன்.

பதிவு 2

மன்னிப்பு என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. பூக்கள் வேண்டின; அவன் இணங்கியதாக எந்த வரியும் இல்லை. 1840 மே இறுதியில், தன் காதலி கிளாராவை மணப்பதற்காக கிளாராவின் தந்தையோடு நீதிமன்றத்தில் போராடிக்கொண்டிருந்தபோதுதான், ஏறத்தாழ ஒரே வாரத்தில் ஷூமன் இதை எழுதினார். காதலை இழந்தவரின் கசப்பு அவருக்கு இல்லை, இழந்துவிடுவோமோ என்ற அச்சமே இருந்தது என்பது என் கருத்து. பதின்மூன்றாம் பாட்டைப் பாருங்கள்: கனவில் அவள் கல்லறையில் கிடக்கிறாள், குரல் துணையின்றித் தனியே அழுகிறது, பியானோ மௌனத்துக்குப் பிறகே சில குறுகிய ஒலிகளால் பதில் தருகிறது. மாணவனாக அதற்குப் பியானோ வாசித்தபோது, அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் ஒரு தட்டு முன்னதாகவே விரலை அழுத்திவிட்டேன். பாடிய பெண் நிறுத்தவில்லை. குரல் மட்டும் ஒரு கணம் நடுங்கியது.

பதிவு 3

இருவருக்கும் ஒன்று சொல்ல விரும்புகிறேன். நான் ஏழாம் பாட்டை மட்டும் பல ஆண்டுகள் கைப்பேசியில் தனியாகக் கேட்டு, ‘எனக்குச் சினமில்லை’ என்னும் வரியைப் பெருந்தன்மை என்றே நம்பியிருந்தேன். கவிதையைப் படித்த அன்றுதான், அவள் இதயத்தைத் தின்னும் பாம்பைக் கண்டேன் என்று அவன் சொல்வது தெரிந்து, அந்த ஓயாத வலக்கை ஒலிகள் வேறாகக் கேட்கத் தொடங்கின. ஆகவே புதிதாக வருபவர்கள் பதினாறு கவிதைகளையும் முதலில் வரிசையாகப் படித்துவிடுங்கள். பாட்டுகளைக் கலைத்துப் போட்டுக் கேட்காதீர்கள். முதல் பாட்டு, ஷட்ஜத்துக்குத் திரும்பாமல் நின்றுவிட்ட ஆலாபனையைப் போல முடிவின்றித் தொங்குகிறது. அந்த ஏக்கத்தோடு காத்திருந்தால்தான் இரண்டாம் பாட்டின் கண்ணீர் பிடிபடும். உயர்ந்த ஸ்வரத்தைத் தொடாத பாடகரைக் குறை கூறாதீர்கள்; ஏழாம் பாட்டின் அந்த உச்சத்தைப் பாடகரின் விருப்பத்துக்கே ஷூமன் விட்டிருக்கிறார். இறுதியில் பியானோ அடங்கும்வரை, தயவுசெய்து, கைதட்டாமல் இருங்கள்.