மலை மிளகாய்க்குத் தெளிப்பு மட்டும் போதுமா?

பெரும்பாறைக்காரன்:
பண்ணைக்காட்டில் மாமா தோட்டத்துக்குப் போயிருந்தேன். 40 சென்ட் காந்தாரி மிளகாய். குழிக்கு ஒரு கூடை எரு போடவில்லை. வாரம் தவறாமல் சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்துப் புளிக்கவைத்த பஞ்சகவ்யா மட்டும் இலையில் அடிக்கிறார். செடி ஒரு சாணுக்கு மேல் வளரவே இல்லை. தெளிப்பு ஊறுகாய்தானே, சோறு எங்கே?

தாண்டிக்குடித் தோட்டம்:
அண்ணே, எரு போடாதது அவர் தப்பு. அதற்காகத் தெளிப்பை ஊறுகாய் ஆக்காதீர்கள். மார்கழி, தைக் குளிரில் மண்ணின் நுண்ணுயிர்கள் மந்தமாகிவிடும். எரு மட்கிச் சத்து வேருக்கு வர நாளாகும். அப்போது இலை வழியாகக் கொடுப்பதுதான் கைகொடுக்கிறது. 10 லிட்டர் டேங்குக்குப் பஞ்சகவ்யா 300 மில்லி, பூ எடுக்கும்போது தேங்காய்ப் பாலும் மோரும் புளிக்கவைத்த தேமோர் கரைசல். எனக்குப் பூ உதிர்வது குறைந்தது.

பெரும்பாறைக்காரன்:
குறைந்தது கரைசலாலா, மாசியில் குளிர் விட்டதாலா? ராத்திரி 15 டிகிரிக்குக் கீழே போனால் மிளகாய் பூவை உதிர்க்கத்தான் செய்யும். நாலு செடியைத் தெளிக்காமல் விட்டுப் பார்த்தீர்களா?

தாண்டிக்குடித் தோட்டம்:
இல்லை. சரி, இந்த வருசம் ஒரு வரிசையை விடுகிறேன்.

கோத்தகிரி மேடு:
இரண்டு பேரும் மண்ணின் புளிப்பை விட்டுவிட்டீர்கள். எனக்குக் காய் நுனி கறுத்து அழுகியது. முட்டை ஓட்டை வினிகரில் கரைத்து நாலு தடவை அடித்தேன், பலன் இல்லை. அது சுண்ணாம்புச் சத்து (கால்சியம்) காய்க்குப் போதாததால் வருவது; அந்தச் சத்து இலையிலிருந்து காய்க்கு நகராது. வேரிலிருந்து தண்ணீரோடு ஏறினால்தான் உண்டு. மண் பரிசோதனை செய்து புளிப்பைக் குறைக்க டோலமைட் என்ற சுண்ணாம்புக் கல்பொடி போட்டு, பாசனத்தையும் சீராக்கிய பிறகுதான் நின்றது.

தாண்டிக்குடித் தோட்டம்:
சுண்ணாம்புக்குச் சரி. மெக்னீசியத்துக்கு அந்தக் கணக்கு ஆகாது. அடி இலை நரம்புகளுக்கு நடுவே மஞ்சளானபோது எப்சம் உப்பு (மெக்னீசியம் சல்பேட்) தெளித்தேன், பச்சை திரும்பியது.

பெரும்பாறைக்காரன்:
அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுக்கும் மீன் அமிலம்? மூன்று நாள் மேகம் இறங்கி நின்றால் இலை காயாது. வெல்லப் பிசுக்கு வேறு. பூஞ்சணத்துக்கு விருந்து வைத்த மாதிரி.

தாண்டிக்குடித் தோட்டம்:
மேகம் நிற்கும்போது யார் அடிக்கச் சொன்னது? பனி காய்ந்த பிறகு, வெயில் ஏறுமுன் அடிப்பேன். 10 லிட்டருக்கு 50 மில்லிதான். அந்த வாடைக்குக் காட்டுப்பன்றி வராது என்று இங்கே சிலர் சொல்கிறார்கள். என் வேலியைப் பன்றி மதித்ததே இல்லை, அது வேறு கதை.

கோத்தகிரி மேடு:
பெரும்பாறை அண்ணே, மாமா செடியில் குருத்து இலை சுருண்டிருந்ததா? மேல்நோக்கி என்றால் இலைப்பேன், கீழ்நோக்கி என்றால் செடிச் சாறு உறிஞ்சும் நுண்சிலந்தி. சிலந்தி என்றால் பஞ்சகவ்யாவைக் குடம் குடமாக ஊற்றினாலும் போகாது. தண்ணீரில் கலந்து தெளிக்கும் நனையும் கந்தகத் தூளை அடிக்கச் சொல்லுங்கள்.

பெரும்பாறைக்காரன்:
கீழ்நோக்கித்தான் சுருண்டிருந்தது! எரு இல்லாததால் என்றே நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை லென்ஸ் எடுத்துப் போய்ப் பார்க்கிறேன். எருவும் நாலு மூட்டை ஏற்றிப் போவேன், அதில் மாற்றமில்லை.