12 போர் துப்பாக்கிக்கு விலை குறைந்த சைலன்சர் கிடைக்குமா?

விளைக்காரன், தடிக்காரன்கோணம்

அண்ணன்மாருக்கு வணக்கம். தடிக்காரன்கோணத்தில் மலையோரமாக எங்களுக்கு ஒரு விளை, அதாவது தோட்டம், உண்டு. மேல்பாதி ரப்பர், கீழே மரச்சீனியும் (மரவள்ளி) ஏத்தன் வாழையும். பயிர்ப் பாதுகாப்புக்கு அப்பா எடுத்த லைசென்ஸ் இப்போது என் பெயரில் இருக்கிறது. துப்பாக்கி பழைய 12 போர் (குழலின் உள்ளளவு) சிங்கிள் பேரல். கிழங்கு விளைந்து நிற்கும் மாதங்களில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கும். ஒரு வேட்டுப் போட்டால் ஓடிவிடும்.

விளைக்குக் கீழே புதிதாக ஒரு வீடு வந்திருக்கிறது. அங்கே கைக்குழந்தை இருக்கிறது. ராத்திரி வேட்டுக்குப் பிள்ளை வீறிட்டு அழுகிறது என்று அந்த அக்கா வந்து சொன்னபோது என்னிடம் பதில் இல்லை. எனக்கும் இடது காதில் கீச்சென்று ஒரு இரைச்சல், படுத்தால் அதிகமாகிறது.

மச்சான் டெக்சாஸில் இருக்கிறான். அங்கே சைலன்சர் கடையிலேயே கிடைக்கும், 2026 ஜனவரியிலிருந்து வரியும் இல்லை, தனக்கு வாங்கும்போது எனக்கும் ஒன்று வாங்கிக் கிறிஸ்துமஸுக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டு வருகிறேன் என்கிறான். விலை குறைந்ததில் எது நல்லது? என் துப்பாக்கியில் பொருந்துமா?

தக்கலை ஆர்மரர்

தம்பி, முதலில் மச்சானுக்கு இன்றைக்கே போன் போட்டு வேண்டாம் என்று சொல்லுங்கள். மீதியை அப்புறம் படிக்கலாம்.

ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருந்தவன் நான். நம் நாட்டு ஆயுத விதிகளில் சுடும் சத்தத்தைக் குறைக்கும் துணைக்கருவி முதல் வகையில் வருகிறது. உங்கள் 12 போர் மூன்றாம் வகை. கலெக்டர் கொடுத்த உங்கள் லைசென்ஸ் அந்த முதல் வகையைத் தொடவே தொடாது. விமான நிலையத்தில் அது பிடிபட்டால் மச்சானும் மாட்டுவான், நீங்களும் மாட்டுவீர்கள், அப்பா காலத்து லைசென்ஸும் போகும். ஏற்றுமதி அனுமதி இல்லாமல் அமெரிக்காவை விட்டு அதை வெளியே எடுப்பது அங்கேயும் குற்றம்.

சட்டத்தை விடுங்கள், வேலைக்கு ஆகுமா என்று பார்ப்போம். தோட்டாவை வெளியே தள்ளும் சூடான வாயு குழல் முனையில் ஒரே நொடியில் விரிவதுதான் அந்த வெடிச்சத்தம். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பு அறைகள் அந்த வாயுவைக் கொஞ்சம் கொஞ்சமாக விரியவிட்டுக் குளிரவைக்கும், அவ்வளவுதான். அதைத் திருகிப் பொருத்தக் குழல் முனையில் மரை வேண்டும். உங்கள் பழைய துப்பாக்கியில் மரை இருக்காது, பட்டறையில் கொடுத்து வெட்டவும் கூடாது. 12 போரில் போவது ஒற்றைக் குண்டு இல்லை, சின்னச் சின்ன ஈயக் குண்டுகளின் கூட்டமும் அதன் பின்னால் அதைத் தள்ளும் அடைப்பும். அதற்கென்றே அமெரிக்காவில் சால்வோ 12 என்று ஒன்று செய்தார்கள். முழு நீளத்தில் ஒரு அடி, எடை ஒரு கிலோவுக்குப் பக்கம், விலையும் குறைவு கிடையாது.

பெயர் சைலன்சர் என்றாலும் சத்தம் அடங்கிவிடாது. 12 போர் வேட்டு 155 டெசிபலுக்கு மேல் போகும். நல்ல சைலன்சர் 20 முதல் 30 டெசிபல் வரை குறைக்கும். மிச்சம் இருப்பதே ஆம்புலன்ஸ் சைரனுக்குப் பக்கத்தில் நிற்பதைவிட அதிகம். கீழ்வீட்டுப் பிள்ளை அதற்கும் விழித்துக்கொள்ளும்.

நீங்கள் யோசிக்க வேண்டிய இன்னொன்று உண்டு. காட்டுப்பன்றி வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிற விலங்கு. 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்தபடி பார்த்தாலும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறைதான் சுடலாம், விவசாயி சுட முடியாது. ஆக உங்கள் கையில் இருப்பது விரட்டுகிற துப்பாக்கி. விரட்டுவது அதன் சத்தம். அதைக் குறைத்துவிட்டால் பன்றி எதற்கு ஓடப்போகிறது?

உங்கள் காதுதான் எனக்குக் கவலை. வலது தோளில் வைத்துச் சுடுகிறவருக்கு இடது காது குழல் முனைக்கு நேராக இருக்கும், அடி அதற்குத்தான் விழும். உள்காதில் இருக்கும் மயிர்ச் செல்கள் செத்தால் திரும்ப முளைக்காது. அதனால் மேற்கொண்டு கெடாமல் பார்ப்பதே வழி. ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜில் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் போய், கேட்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை காதில் ஒன்றும் வைக்காமல் ஒரு வேட்டுகூடப் போடாதீர்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் நுரைப் பஞ்சு அடைப்பானை விரலில் இறுக்கி உருட்டி, காதை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, அது விரியும்வரை பிடித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் காதை முழுதாக மூடும் இயர்மஃப். சும்மா வெளியே செருகினால் பாதிப் பலன்கூடக் கிடைக்காது.

குழித்துறை டு ஹூஸ்டன்

அண்ணாச்சி சொன்னது அத்தனையும் சரி. மச்சானுக்கு மட்டும் நான் சொல்லிவிடுகிறேன். வரி போனது உண்மை, 1934-இலிருந்து இருந்த 200 டாலர் இப்போது பூஜ்யம். ஆனால் விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், பதிவு எல்லாம் அப்படியே இருக்கின்றன. அவர் பெயரில் பதிந்ததை அனுமதி இல்லாமல் இன்னொருவருக்குக் கொடுத்தால் 10 வருடம் வரை சிறை. எச்1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருக்கிறவருக்குப் பொதுவாகத் துப்பாக்கி வைக்கவே அனுமதி இல்லை, வேட்டை லைசென்ஸ் போன்ற சில விலக்குகள் மட்டும்தான். கிரீன் கார்டு இருந்தால் சரி.

அவருக்கு மட்டும் என்றால் .22 என்ற சின்ன அளவுத் துப்பாக்கிக்கு ஒன்று வாங்கட்டும். விலை குறைந்தது அதுதான். .22 ஈயத்தூள் அடைத்துக்கொள்ளும், அதனால் கழற்றிச் சுத்தம் செய்ய முடிகிறதா என்பதை மற்ற எதற்கும் முன்னால் பார்க்கட்டும். ரைஃபிளுக்கு என்றால் அளவுக்கு ஒன்றாக வாங்காமல் .30 அளவில் ஒன்று போதும், சின்ன அளவுகளுக்கும் அதையே போடலாம். யாங்கி ஹில் நிறுவனத்தின் தயாரிப்புகள் விலைக்கு நன்றாக உழைக்கும். டைட்டானியம் எடை குறைவு என்று கடைக்காரர் ஆசை காட்டுவார். நின்ற இடத்தில் குறிபார்த்துச் சுடுகிறவருக்கு ஸ்டீலே தாராளம்.

கடையாலுமூடு ரப்பர்

எங்கள் விளையில் சோலார் வேலி போட்ட பிறகு வேட்டுக்கு வேலை குறைந்துவிட்டது. பன்றிக்குக் கீழ்க்கம்பி ஒரு சாண் உயரத்தில் போகவேண்டும், மேலே போட்டால் அடியில் நுழைந்துவிடும். புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் அதில் இறங்கிவிடும், மழைக்காலத்தில் அடிக்கடி வெட்ட வேண்டும். காப்புக்காட்டிலிருந்து 5 கிலோமீட்டருக்குள் என்றால் வனத்துறை அனுமதி வாங்கிவிட்டுப் போடுங்கள். வீட்டு லைனிலிருந்து நேராகக் கம்பி இழுக்கிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், ஆள் செத்துப்போகும்.

விளைக்காரன், தடிக்காரன்கோணம்

மச்சானிடம் பேசிவிட்டேன், எனக்கு வாங்க வேண்டாம் என்று சொல்லியாயிற்று. வேலிக்கு அனுமதி கேட்டு ரேஞ்சர் ஆபீசில் மனு கொடுக்கிறேன். கீழ்வீட்டு அக்காவிடமும் வேலி வரும்வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். அண்ணே, ஒரு சந்தேகம். காதை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பன்றி வருகிற சலசலப்பு எப்படிக் கேட்கும்?

தக்கலை ஆர்மரர்

நல்ல கேள்வி. எலெக்ட்ரானிக் இயர்மஃப் என்று ஒன்று உண்டு. சின்ன சத்தத்தை மைக் வழியாகக் காதுக்குக் கொடுக்கும், வேட்டு வந்த உடனே அடைத்துவிடும். சாதாரண மஃபைவிட விலை கூடுதல், ஆனால் சைலன்சர் விலையில் ஒரு சின்னப் பங்குதான் வரும். அது கிடைக்கும்வரை சாதாரண மஃபைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காவல் இருங்கள். சலசலப்புக் கேட்டதும் காதுக்கு ஏற்றிவிட்டு, அதன் பிறகு துப்பாக்கியை எடுங்கள்.