ரெசின் மேசை விளக்கு: பூவரசுப் பக்கம் மட்டும் குமிழி, இப்ப விரிசலும் விடுது. காரணம் என்ன?

பாபநாசம் ரோடு:
எல்லாருக்கும் வணக்கம். எபாக்சி ரெசினும் மரமும் சேர்த்து ஒரு மேசை விளக்கு செஞ்சிருக்கேன். உயரம் 30 செ.மீ. ரெண்டு பக்கமும் மரம், நடுவுல 3 செ.மீ. அகலத்துக்கு ரெசின். கீழே இருந்து வெளிச்சம் ஏறும்போது ரெண்டு கரைக்கு நடுவுல தாமிரபரணி ஓடுற மாதிரி தெரியணும்னு ஆசை. இடது கரைக்குப் பூவரசு, பட்டை ஓரத்தோட வளைவு அப்படியே இருக்கு. வலது கரைக்குத் தாத்தா வீட்டைப் பிரிச்சப்ப எடுத்து வச்ச தேக்கு உத்தரத்துல இருந்து ஒரு துண்டு.

மைக்கா ஒட்டின பிளைவுட்ல அச்சு செஞ்சு, படுக்க வச்சு 4 செ.மீ. ஆழத்துக்கு ஊத்தினேன். ஆழமா ஊத்துறதுக்கான ரெசின்தான். மொட்டைமாடி ஷெட்டுல காலையில ஊத்தினது.

பிரச்சினை இதுதான். பூவரசை ஒட்டி கடுகு அளவு குமிழி வரிசையா நிக்குது. தேக்குப் பக்கம் ஒண்ணுகூட இல்ல. விளக்கைப் போட ஆரம்பிச்சப்புறம் அதே பூவரசு ஓரத்துல முடி கனத்துக்கு ஒரு விரிசல் விட்டு, இப்ப நகம் நுழையுற அளவுக்கு வந்துட்டு. வெளிச்சம் அந்த இடுக்கு வழியா வெள்ளைக் கோடா ஒழுகுது, பாக்கவே மனசு கேக்கல. மேல்பரப்புல எண்ணெய் தடவின மாதிரி ஒரு பிசுபிசுப்பும் இருக்கு. காப்பாத்த வழி உண்டா?

வண்ணாரப்பேட்டை:
ரெசின், அதை இறுக வைக்கிற ஹார்டனர், ரெண்டோட அளவையும் எடையில பாத்தீங்களா, கப்புல அளந்தீங்களா? ரெசின் கனம் கூடுதல், ஹார்டனர் கனம் கம்மி. கப்புக்குச் சொன்ன கணக்கைத் தராசுல போட்டா கலவை தப்பிரும். எனக்கு அதுதான் சந்தேகம்.

பாபநாசம் ரோடு:
டப்பாவுல எடைக்கணக்குதான் போட்டிருக்கு, தராசுலதான் அளந்தேன். நகத்தால அழுத்துனா எங்கயும் பதியல.

அம்பை கடைசல்:
தம்பி, ரெசினைச் சந்தேகப்பட வேண்டாம். ஒரே வாளியில கலக்கி ஒரே நேரத்துல ஊத்துன ரெசின், தேக்கு ஓரத்துல நல்லா இருந்துக்கிட்டு பூவரசு ஓரத்துல மட்டும் கெட்டுப் போகுமா? கலவை தப்பியிருந்தா ரெண்டு பக்கமும் கொழகொழன்னுதான் கிடக்கும். வித்தியாசம் மரத்துலதான். தேக்கு பல வருஷம் கூரைக்கு அடியில கிடந்து காஞ்ச மரம். பூவரசு எப்ப அறுத்தது, எங்கன வாங்குனீய?

பாபநாசம் ரோடு:
மரம் அறுக்கிற மில்லுல வாங்கினேன் அண்ணாச்சி. காஞ்சதுன்னுதான் சொன்னாங்க. தொட்டா ஈரமே தெரியல. மீதித் துண்டு கையில இருக்கு.

அம்பை கடைசல்:
தொட்டுப் பாத்தா தெரியாது. மேலே காஞ்சு உள்ளே ஈரமாத்தான் இருக்கும். ஈரம் பாக்குற மீட்டர் இல்லாட்டியும் கண்டுபிடிக்கலாம். மீதித் துண்டோட முனையை விட்டுட்டு, நடுவுல இருந்து ஒரு சின்ன வில்லை அறுத்துக்கிடுங்க. முனை சீக்கிரம் காஞ்சிரும், அதை வச்சுக் கணக்குப் போட்டா ஏமாந்துருவோம். அடுக்களைத் தராசுல உடனே எடை பாத்து எழுதி வைங்க. அப்புறம் ஓவன்ல 100, 105 டிகிரில வச்சு, நடுநடுவுல எடுத்து எடை பாருங்க. எடை குறையுறது எப்ப நிக்கோ அதுதான் காஞ்ச எடை. குறைஞ்ச எடையைக் காஞ்ச எடையால வகுத்து நூறால பெருக்குனா ஈரம் எத்தனை விழுக்காடுன்னு வந்துரும். கருகிராம பாத்துக்கிடுங்க, பக்கத்துலயே இருங்க.

ஷெட்டு மேசை:
அண்ணாச்சி சொல்லுததோட இன்னொண்ணு. காலையில ஊத்துனதும் குமிழிக்கு ஒரு காரணம். தகர ஷெட்டுல வெயில் ஏற ஏற மரம் சூடாகும். மரத்தோட நுண்துளையில இருக்க காத்து விரிஞ்சு வெளியே வரும். ரெசினும் இறுகும்போது தானாவே சூடாகுமா, அது இன்னும் தள்ளி விடும். மேலே சூடு காட்டுனா மேல்பரப்புக் குமிழிதான் உடையும், மரத்துக்குள்ள இருந்து வர்றது வந்துக்கிட்டேதான் இருக்கும்.

நான் சாயங்காலம் வெயில் இறங்கினப்புறம்தான் ஊத்துவேன். மரம் குளிரக் குளிர துளைக்குள்ள காத்து சுருங்கி ரெசினை உள்ளே இழுத்துக்கிடும். அதுக்கும் முன்னாடி, மரத்துல ரெசின் படப்போற முகம் முழுக்க அதே ரெசினை பிரஷ்ல மெலிசா ஒரு பூச்சு பூசிரணும். துளை அடைபட்டுரும். பட்டையை உரிச்ச ஓரமும், குறுக்க வெட்டுன முனையும்தான் ரொம்பக் குடிக்கும், அங்க ரெண்டாவது தடவையும் தடவுங்க.

பிசுபிசுப்பு காத்துல ஈரம் கூடுனதால ஹார்டனர் மேல வந்து படியுறது. உடனே தேய்ப்புத்தாள் போடாதீங்க, இழுவிக்கிட்டுப் போகும். வெதுவெதுப்பான தண்ணியும் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரும் போட்டுக் கழுவித் துடைச்சாப் போயிரும்.

பாபநாசம் ரோடு:
வில்லையை எடை பாத்துட்டேன். முதல்ல 86 கிராம். ஓவன்ல வச்சு, கடைசியில 71 கிராமுக்குக் கீழ இறங்கல.

அம்பை கடைசல்:
15-ஐ 71-ஆல வகுத்தா 21 விழுக்காடு. அதுதான் விஷயம்.

வீட்டுக்குள்ள காத்துல ஈரப்பதம் 60 விழுக்காடு இருந்தா மரம் 11 பக்கத்துல போய் நிக்கும். சாரல் காலத்துல காத்து 80-க்கு ஏறினா மரமும் 15, 16-க்கு ஏறும். உங்க பூவரசு 21-ல இருந்து 11-க்கு இறங்கணும்னா சுருங்கியே தீரும். 5 செ.மீ. அகலத் துண்டுல 1 மி.மீ. வரைக்கும் போகலாம். இறுகுன ரெசின் அது கூடச் சுருங்காது. எங்க பிடிப்பு குறைவோ அங்க பிரியும், குமிழி வரிசை நின்ன இடத்துல பிடிப்பே இல்ல. விளக்குச் சூடு அதை வேகப்படுத்தியிருக்கு.

விரிசல்ல ரெசினை விட்டு அடைச்சிரலாம்னு யாராவது சொன்னாக் கேக்காதீய. மரம் இன்னும் காயல, அடுத்த கோடையில பக்கத்துல இன்னொரு இடத்துல பிரியும். பூவரசை ரெசின் ஓரத்தோட அறுத்து எடுத்துருங்க, ரெசினும் தேக்கும் அப்படியே இருக்கட்டும். பட்டை ஓரத்து வளைவு போயிரும்னு வருத்தம் வேண்டாம், மீதித் துண்டுலயும் அந்த வளைவு இருக்கும்லா. புதுத் துண்டை நிழல்ல, குச்சி குறுக்க வச்சு காத்தோட்டமா அடுக்குங்க. ரெண்டு முனைக்கும் மெழுகோ பழைய பெயிண்டோ தடவுங்க, இல்லாட்டி முனை பிளந்துரும். வெயில்ல மட்டும் போட்டுராதீய. வாரம் ஒரு தடவை எடை பாருங்க. எடை ஒரே இடத்துல நின்னாத்தான் அந்த மரம் தயார்.

அங்குலக் கனத்துக்கு ஒரு வருஷம்னு ஆசாரிமாரு சொல்லுவாங்க. அவ்வளவு பொறுக்க முடியாட்டி பழைய வீடு பிரிச்ச மரமா வாங்கிருங்க. என் கணக்குல விளக்குக்கு அதைவிட நல்ல மரம் கிடையாது.

ஒயரிங் பேட்டை:
எல்.இ.டி. ஸ்ட்ரிப்பை எப்படி வச்சிருக்கீங்க?

பாபநாசம் ரோடு:
அடியில ரெசின்ல ஒரு வாய்க்கால் எடுத்து, 12 வோல்ட் ஸ்ட்ரிப்பை ஒட்டி, மேலே பிளைவுட் போட்டு மூடிட்டேன். அடாப்டரும் உள்ளேயே இருக்கு.

ஒயரிங் பேட்டை:
அடாப்டரை முதல்ல வெளியே எடுங்க. அது தனியாச் சூடாகும், 230 வோல்ட்டும் மரத்துக்குள்ள வரக் கூடாது. பிளக் பக்கத்துலயே அடாப்டர் இருக்கட்டும், விளக்குக்குள்ள 12 வோல்ட் மட்டும் வரட்டும். வீட்டுல பிள்ளைங்க தொட்டாலும் பயமில்ல.

ஸ்ட்ரிப்பை நேரா ரெசின்ல ஒட்டாம ஒரு அலுமினிய சேனல்ல ஒட்டி உள்ளே வைங்க, சூட்டை அது வாங்கிக்கும். இந்த மாதிரி வார்ப்பு ரெசின் பலதும் 50, 60 டிகிரியிலயே இளக ஆரம்பிச்சிரும். அடிப்பலகையில ரெண்டு ஓட்டை போட்டு, நாலு ரப்பர் கால் வச்சு அரை சென்டிமீட்டர் தூக்குங்க, காத்து போய் வரும். பலகையை ஆணியடிக்காம திருகு போட்டு மாட்டுங்க. ஸ்ட்ரிப் போச்சுன்னா கழட்டி மாத்தணும்லா. ஒயர் வெளியே வர்ற இடத்துல உள்பக்கமா ஒரு முடிச்சோ, ஒயரை இறுக்கிப் பிடிக்கிற கேபிள் கிளாண்டோ இருக்கட்டும், இல்லாட்டி யாராவது இழுத்தா சால்டர் விட்டுரும்.

பாபநாசம் ரோடு:
அடாப்டரை எடுத்துட்டேன், பூவரசையும் அறுத்துட்டேன். அறுத்த முகத்தைப் பாத்தா அண்ணாச்சி சொன்னது கண்ணுக்கே தெரியுது. குமிழி இருந்த இடமெல்லாம் ரெசின் மரத்துல ஒட்டாம கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கு, ஒட்டின இடத்துல மட்டும் மர நார் பிஞ்சு வந்திருக்கு. பழைய உத்தரத்துலயே இன்னொரு துண்டு இருக்கு, ரெண்டு கரையும் தேக்காவே போட்டுருதேன். பூவரசை அடுக்கி வச்சிருக்கேன், அடுத்த விளக்குக்கு ஆகும். தேக்குல எண்ணெய் உண்டே, ஒட்டுமா? பழைய ரெசின் முகத்துல புது ரெசின் பிடிக்குமா?

அம்பை கடைசல்:
ரெண்டும் பிடிக்கும். பழைய ரெசின் முகத்தை 80-ஆம் நம்பர் தாள்ல நல்லா சொரசொரப்பாக்கி, தூசியைத் துடைச்சிருங்க. தேக்கையும் அதே மாதிரி தேய்ச்சு, வெள்ளைத் துணியில அசிட்டோன் நனைச்சுத் துடைங்க. துணியில மஞ்சள் ஏறுறது நிக்குற வரைக்கும் துணியை மாத்தி மாத்தித் துடைக்கணும். பக்கத்துல நெருப்பு வேண்டாம். துடைச்ச அன்னைக்கே முதல் பூச்சைப் பூசிருங்க, விட்டா எண்ணெய் திரும்ப மேல வரும். பூச்சு விரல்ல ஒட்டியும் ஒட்டாம இருக்கும்போது பாக்கி ரெசினை ஊத்துங்க. கையுறை இல்லாம தொடாதீய, தோல்ல ஒவ்வாமை ஒருக்க வந்தா அப்புறம் ரெசின் பக்கமே போக முடியாது.

நிறத்துக்கு மைக்கா பவுடர் போடாதீய, வெளிச்சத்தை மறைச்சிரும். ஒளி ஊடுருவுற திரவச் சாயம்தான், அதுவும் ஊசி முனையில தொட்டு. கடைசியா தேய்க்கும்போது விளக்கு எரிய வச்சுக்கிட்டுப் பாருங்க. 400-ஆம் நம்பர் தாளோட நிறுத்தினா ரெசின் லேசா மங்கி வெளிச்சம் ஒரே சீரா பரவும். 2000 வரைக்கும் போய்ப் பாலிஷ் போட்டா உள்ளே ஸ்ட்ரிப்போட பொட்டுப் பொட்டு வெளிச்சம் தெரியும். ஆத்துத் தண்ணி மாதிரி வேணும்னா 400 போதும்.