எமியுலேற்றருக்கு 'நிகர்ப்பி': என் பரிந்துரையும் காரணங்களும்

எல்லோருக்கும் வணக்கம்.

பழைய டோஸ் நிரல்களை இன்றைய கணினியில் ஓடவிடும் மென்பொருள் டோஸ்பாக்ஸ். அதை லினக்ஸில் நிறுவ நாம் தமிழில் எழுதும் கையேடு, 'எமியுலேற்றர்' (ஒரு கணினியை இன்னொரு கணினியைப் போல நடக்கவைக்கும் மென்பொருள்) என்ற சொல்லுக்குத் தமிழ் முடிவாகாமல் நிற்கிறது. நம் குழுவில் இதுவரை வந்த சொற்களைக் கிளிநொச்சியில் மாலை வகுப்பு எடுக்கிறவனாகப் பார்த்து எழுதுகிறேன்.

> பாவனை என்றால் ஒன்றைப் போல நடப்பதுதானே. 'பாவனையாக்கி' என்றே வைத்துவிடலாம்.

ஐயா, உங்கள் ஊர்ப் பக்கத்தில் அது சரியாக விளங்கும். இங்கே பாவனை என்றால் பயன்பாடு. பாவிக்கிறது, பாவனையாளர், பாவனைக்கு உதவாதது, எல்லாம் அந்தக் கருத்தில்தான் புழங்குகின்றன. 'டோஸ் பாவனையாக்கி' என்று எழுதினால், டோஸைப் பாவிக்கப் பழக்கும் ஏதோ ஒன்று என்றுதான் பிள்ளைகள் எடுப்பார்கள். சிமியுலேற்றருக்கும் (ஒன்றின் நடத்தையை மாதிரியாகக் காட்டும் மென்பொருள்) சிலர் இதே சொல்லை எழுதுவதால் குழப்பம் இரட்டிப்பாகும்.

> அப்படியென்றால் 'போலிப்பொறி' அல்லது 'பொய்ப்பொறி'?

இலக்கணத்தில் போலி நல்ல சொல். ஐந்து என்ற இடத்தில் அஞ்சு வந்து நின்றாலும் பொருள் மாறாது, அதற்குப் பெயர் முற்றுப்போலி. ஆனால் வகுப்புக்கு வெளியே போலி என்றால் போலி மருந்து, போலி நாணயத்தாள். 'பொய்' எனக்கு இன்னும் கூடாது. செயற்கைக் காலோடு வயலுக்குப் போய் வரம்பு வெட்டுகிறவர்கள் எங்கள் ஊர்களில் இருக்கிறார்கள். அதைப் பொய்க்கால் என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அது ஓர் ஆளின் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. டோஸ்பாக்ஸ் செய்வதும் அந்த மாதிரி வேலைதான்.

என்ன வேலை என்று விளங்க ஓர் உதாரணம். டர்போ பாஸ்கல் நிரல்மொழியில், திரையைக் கையாளும் சிஆர்டி அலகைச் சேர்த்து எழுதிய பழைய நிரல்கள், பென்டியம் 2 காலத்துக்குப் பிந்திய வேகமான கணினிகளில் தொடங்கும்போதே 'ரன்டைம் எரர் 200' என்று விழுந்துவிடும். செயலி (புரொசசர்) எவ்வளவு வேகம் என்று அறிய அந்த அலகு தொடக்கத்தில் ஒரு சிறு சுற்றை ஓடவிட்டு, வந்த எண்ணிக்கையை வகுத்துப் பார்க்கும். செயலி மிக வேகமானால் விடை 16 பிட்டுக்குள் அடங்காது. பூச்சியத்தால் வகுத்தது போன்ற பிழையாகிவிடும். அதே நிரலை டோஸ்பாக்ஸில் போட்டால் ஓடுகிறது. வழமையான அமைப்பில் சாதாரண டோஸ் நிரலுக்கு அது 3000 சுழற்சி வேகத்தைத்தான் கொடுக்கும். கன்ட்ரோலோடு எஃப்11 அழுத்தினால் இன்னும் குறையும், எஃப்12 அழுத்தினால் கூடும். அதாவது செயலி, விஜிஏ திரை, சவுண்ட் பிளாஸ்டர் ஒலியட்டை எல்லாவற்றையும் மென்பொருளாகவே செய்து, அந்தக் காலத்து மந்த வேகத்தையும் சேர்த்துத் தருகிறது. நிரலைப் பொறுத்தவரை அது நிற்பது உண்மையான பழைய கணினியில்தான்.

ஆகவே என் பரிந்துரை: நிகர்ப்பி. வினை நிகர்த்தல், செயலின் பெயர் நிகர்ப்பு.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள். 'டோஸ்பாக்ஸ் 386 வகைச் செயலியை நிகர்க்கிறது.' 'நிகர்ப்பிக்குள் சி என்ற எழுத்தில் உங்கள் அடைவை ஏற்றுங்கள்.' உருபு ஏற்கும்போது நாக்கு இடறவில்லை. அடுத்தது, விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓடவிடும் வைன். அதன் பெயரின் விரிவே தான் எமியுலேற்றர் இல்லை என்பதுதான். அது செயலியை நிகர்ப்பதில்லை. விண்டோஸ் நிரல் கேட்கும் சேவைகளை லினக்ஸ் சேவைகளாக மாற்றிக் கொடுக்கிறது. 'வைன் ஒரு போலி அல்ல' என்று எழுதினால் யாரோ வைனைக் குற்றம் சாட்டியதுபோல இருக்கும். 'வைன் ஒரு நிகர்ப்பி அல்ல' என்றால் சொல்லவந்தது மட்டும் நிற்கிறது.

தங்கச்சி எழுதிய 'போன்மி' அழகான ஆக்கம். மகரக்குறுக்கத்துக்கு உதாரணமாகப் படித்த 'போன்ம்' அதற்குள் இருக்கிறது. ஆனால் அதிலிருந்து புழங்கக்கூடிய வினை கிளம்பாது. கையேட்டில் வினைதான் பக்கத்துக்குப் பக்கம் வேண்டியிருக்கிறது. அண்ணா சொன்ன 'நிகரியக்கி'யில் வரும் 'இயக்கி'யை டிரைவருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

'மெய்நிகர் பொறி'யோடு (வேர்ச்சுவல் மெஷின்) மோதுமே என்று கேட்கலாம். மோதாது, உறவுதான். கியூஎமு என்ற மென்பொருள் அந்த இரண்டு வேலையையுமே செய்கிறது. லினக்ஸ் கருவில் உள்ள கேவிஎம் துணை இருந்தால் நிரலை உண்மைச் செயலியிலேயே ஓடவிடும். இல்லாவிட்டால் செயலியையும் நிகர்க்கும்.

மறுப்பு இருந்தால் ஒரு வாக்கியத்தில் வைத்து எழுதுங்கள், தனிச்சொல்லாக வேண்டாம். இன்னொன்றும் மிச்சம் இருக்கிறது. மேலே 'சுழற்சி' என்று எழுதியது சைக்கிள்ஸுக்கு. கடிகாரத் துடிப்புக்கும் அதையே எழுதுகிறோம். டோஸ்பாக்ஸில் அது ஒரு மில்லிசெக்கனில் நிறைவேற்றும் கட்டளைகளின் ஏறத்தாழ எண்ணிக்கை. அதற்குத் தனிச்சொல் வேண்டும் என்பது என் எண்ணம். யாரிடம் இருக்கிறது?